நான்கு புது டயரும் லோர்னாவின் சபதமும்

நெப்ராஸ்கா,
வியாழக்கிழமை

அன்புள்ள மைத்துனன் வெண்டலுக்கு,

நீயும் மேவிஸும் உங்கள் கோழிகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே புல்தரையைத் தவிர எல்லாரும் நலம்; அது வெயிலில் போய்விட்டது.

முதலில் உறுதியான செய்தி: காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் எங்கள் டிரெய்லர் வீட்டின் நான்கு சக்கரங்களிலும் இன்று காலை புது டயர் ஏறிவிட்டது! நான்கும் இந்த வருடம் மார்ச் மாதம் செய்தவை. தகவல் தந்தது டயர் கடை ட்வைலா. நானும் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். எழுதும்போதே கை துள்ளுகிறது, வெண்டல்.

போன கோடையில் உன் வீட்டுக் குடும்ப விருந்துக்கு வந்த கதை உனக்குத் தெரியும். வேலன்டைன் ஊரைத் தாண்டியதும் ஒரு டயர் வெடித்தது, வெடித்த ரப்பர் சும்மா போகாமல் மேலே இருந்த தகட்டைக் கிழித்து, கழிவுநீர்க் குழாயைப் பிடுங்கி, அந்தக் குலுக்கலில் உள்ளே அலமாரி திறந்து, உன் அக்கா லோர்னா செய்த உருளைக்கிழங்கு சாலட் முழுவதும் என் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வந்தால், உன் வீட்டுக்கு இரண்டு மைல் இருக்கும்போது அதுவும் வெடித்தது. உன் வாசலில் வைத்து லோர்னா சொன்னது இது: "இன்னும் ஒரே ஒரு டயர் வெடிக்கட்டும், மறுவாரமே இந்த வண்டிய கிளைடுக்கு வித்துடுவேன்." அன்றிலிருந்து எதிர்வீட்டுக் கிளைடு தினமும் காபிக் கோப்பையோடு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, "டயரெல்லாம் எப்படிப்பா இருக்கு?" என்று விசாரிக்கிறான். குரலில் அக்கறை இல்லை, ஆசைதான் இருக்கிறது.

டிரெய்லர் வைத்திருக்கும் நம் ஆட்களின் பழக்கம் உனக்குத் தெரியும்: யார் டயரைக் கண்டாலும் ஒரு உதை, பிறகு ஒரு தீர்ப்பு. முகாம் மைதானத்தில் எட்டுப் பேர் உதைத்தார்கள், ஒன்பது தீர்ப்பு வந்தது. இது ஆகாது என்று, மக்காச்சோள லாரிகளை எடை போடும் மேடைக்கே வண்டியைக் கொண்டுபோனேன். எடை பார்ப்பவன் தலையை நீட்டி, "உள்ள என்ன, போன வருஷ அறுவடையா?" என்றான். "இவரு நிருபரா இருந்தப்ப எழுதின பழைய பேப்பரு. ஒண்ணைக் கூடக் கீழ வைக்க மாட்டாரு," என்றாள் லோர்னா. "உன் இரும்புச் சட்டியெல்லாம் காத்துல மிதக்குதாக்கும்!" என்றேன் நான். எதற்கும் இருக்கட்டும் என்று, அந்த எடைக்குத் தேவையானதைவிட ஒரு படி கூடுதலாகத் தாங்கும் டயரே வேண்டும் என்று முடிவு செய்தேன். முதல் கடையில் "புத்தம் புதுசு" என்று காட்டினார்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம், மச்சான். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், உள்ளே உளுத்திருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருப்பார்கள், செய்த வாரமும் வருடமும். அவர்கள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் ஆறு வயது! வந்த வழியே வெளியேறினேன்.

ட்வைலா கடையிலும் கீழே படுத்துத்தான் பார்த்தேன். "டயர் வாங்க வந்தீங்களா, பேட்டி எடுக்க வந்தீங்களா? படுக்கணும்னா மெத்தைக் கடை எதிர்த்தாப்புல இருக்கு," என்றாள். சிரித்தால் சிரிக்கட்டும். கழற்றிய பழைய டயர்களில் ரப்பர் ஆழமாக, லட்சணமாக இருந்த ஒன்றை மட்டும் தூக்கி எறிய மனம் வராமல் ஸ்டெப்னியாகப் பின்னால் தொங்கவிடச் சொன்னேன். "இதையா? இதுக்குக் கீழ படுத்து வயசு பார்க்கலியா?" என்றாள் ட்வைலா. நீ பரிசளித்த, சூரியகாந்திப் படம் போட்ட டயர் கவரை மாட்டியதும் அதுவும் புதிது மாதிரியே ஆகிவிட்டது.

ஆக, அடுத்த வாரம் விருந்துக்கு டிரெய்லரோடு வருகிறோம். இனிமேல் கிளைடு காபியை அவன் வீட்டிலேயே குடிக்கலாம். உன் கோதுமை நன்றாக விளையட்டும், ஆலங்கட்டி மழை உன் வயலைச் சுற்றிக்கொண்டு போகட்டும். மேவிஸுக்கு எங்கள் அன்பு.

உன் அக்கா புருஷன்,
ஹார்லன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வாசலில் வெடிச்சத்தம். புது டயர் நான்கும் நலம். வெடித்தது ஸ்டெப்னி, நிற்கிற வண்டியில், வெயிலில், தொங்கியபடியே. சூரியகாந்திக் கவர் பறந்து எதிர்வீட்டில் விழுந்தது. கிளைடு அதை எடுத்து வந்து, "இதுவும் வண்டியோட சேர்த்திதானே?" என்று கேட்டான். "ஓடுற டயர்தான் கணக்கு, தொங்குற டயர் இல்ல," என்றேன். "ஓடுற டயருன்னு நான் சொன்னேனா?" என்றாள் உன் அக்கா. மேலே அவள் சொன்னதை அப்படியே மேற்கோளில் எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தை அதில் இல்லை. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் வண்டி பிழைக்கும். ஆனால் யார் சொன்னதிலும் நான் சொல் சேர்த்ததில்லை. அன்று நீயும் பக்கத்தில்தான் நின்றாய். உன் காதில் ஏதாவது கூடுதலாக விழுந்திருந்தால் உடனே போன் செய். சனிக்கிழமை இது உன் கைக்கு வரும். லோர்னாவின் தீர்ப்பு ஞாயிறு மதியம், சர்ச் முடிந்த பிறகு. கிளைடையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள்.