மாமியாரின் நட்சத்திரம்

"நட்சத்திரம் இன்னும் பெருசா வேணும், மாப்பிள்ளை," என்றார் பெனினா, ஆறாவது தடவையாக.

நிம்ரோத் பல்லைக் கடித்துக்கொண்டு கணினியில் தேர்தல் சுவரொட்டியிலிருந்த நட்சத்திரத்தைப் பெரிதாக்கினான். யூதர்களின் பெஸாக் பண்டிகைக்கு ஒரு வாரம் தங்க வந்த மாமியார், மேயர் தேர்தலில் நிற்பதாக அறிவித்து, அவன் வீட்டுக் கூடத்தைத் தேர்தல் அலுவலகமாக்கி ஆறு மாதம் ஆகிறது. விளம்பரப் படம் வரைந்து பிழைக்கும் நிம்ரோதின் வரைமேசை துணி காயும் பால்கனிக்குப் போய்விட்டது. ஜெயித்தால் மாமியார் நகராட்சிக்குப் போவார். தோற்றால்?

"தோத்தா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என் தெருவுக்குப் போறது? உங்களோடயே இருந்துடறேன்," என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். பெனினா ஜெயிக்க வேண்டும் என்று நிம்ரோத் அளவுக்கு உருகியவர் ஊரில் யாருமில்லை, பெனினா உட்பட.

எங்கள் ஊர் எலுமிச்சைக்குப் பேர்போனது. அதனால் நாட்டுக் கொடியில் இருக்கும் அந்த ஆறுமுனைத் தாவீதின் நட்சத்திரத்துக்கு மஞ்சள் அடித்தான். அச்சுக்குப் போகும் முன் மேல்மாடி ஷிம்ஷோனிடம் காட்டினான். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கேட்காமலே கருத்துச் சொல்பவர். அன்று அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்கப்பா சட்டையில நாஜிக்காரங்க இதைத்தான் தைக்க வச்சாங்க, தம்பி," என்றார்.

நிம்ரோதுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையோடு அதைச் சிவப்பாக்கி அச்சுக்கு அனுப்பினான்.

எங்கள் நாட்டில் சிவப்பு நட்சத்திரம் ஆம்புலன்ஸுக்கு உரியது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மூன்று நாள் தூங்காத நிம்ரோதுக்கு மட்டும் மறந்துபோயிற்று. சுவரொட்டி ஏறிய அன்றே நெஞ்சுவலிக்காரர்களும் வழுக்கி விழுந்தவர்களும் அதிலிருந்த பெனினாவின் நம்பருக்குப் போன் போட்டார்கள். பிரசவ வலியில் கூப்பிட்ட ஒருத்திக்கு ஆம்புலன்ஸ் நம்பரைக் கொடுத்து, மூச்சை எப்படி விடுவது என்றும் சொல்லி, ஓட்டும் கேட்டார் பெனினா.

அடுத்து நீலம். எங்கள் ஊரில் பலாஃபெல் வடைக் கடை முதல் கல்யாண மண்டபம் வரை எல்லாப் பலகையிலும் நீல நட்சத்திரம்தான், பழைய மேயரின் சுவரொட்டியிலும் அதேதான். சந்தையில் நாலு பேர் பெனினாவின் கையைக் குலுக்கி, மேயருக்காக இவ்வளவு உழைக்கிறீர்களே என்று பாராட்டினார்கள்.

நட்சத்திரமே வேண்டாம் என்று எடுத்தான். பொழுது சாய்வதற்குள் அந்தம்மாவுக்கு நாட்டின் மேல் பற்றில்லை என்று ஊர் பேசியது.

"முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கொடி ஏத்தினவ நான்," என்று பெனினா அழுதே விட்டார். "பெட்டி பெட்டியா என் சாமான் எல்லாம் இங்க கொண்டு வந்துட வேண்டியதுதான்."

அந்தக் கடைசி வாக்கியம் நிம்ரோதின் மூளையைத் தட்டி எழுப்பியது. நட்சத்திரத்தின் இரண்டு முக்கோணங்களையும் பிரித்தான். ஒன்றைத் தூக்கி எறிந்தான். மற்றொன்றை ஒரு சதுரத்தின் மேல் கூரையாக வைத்தான். வீடு! பாதி நட்சத்திரமும் இருக்கிறது, குற்றம் சொல்லவும் வழியில்லை. பழைய மேயரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை நினைத்து, 'குறையா? நேராக என் வீட்டுக்கு வாருங்கள், எந்நேரமும்!' என்று தானே எழுதினான். அடியில் முதல் சுவரொட்டியிலிருந்தே இருந்த தேர்தல் அலுவலக முகவரியைத் தொடவில்லை.

ஊர் சொக்கிப்போயிற்று. பெனினா அமோகமாக ஜெயித்தார். மகள் ஹகித் அழுதாள், மருமகன் அவளைவிட அதிகமாக அழுதான்.

மறுநாள் காலை மாமியாரின் பெட்டிகளை அவனே சுமந்து டாக்ஸியில் ஏற்றி, அவரையும் வழியனுப்பினான். மாடியேறி வந்து வரைமேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டான். காப்பி போட்டு உட்கார்ந்தான். எத்தனை மாதமாயிற்று இப்படிக் கால் நீட்டி!

அழைப்பு மணி அடித்தது. மாமியாரின் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஷிம்ஷோன் நின்றார். அவருக்குப் பின்னால் மாடிப்படி முழுக்க மனுவும் கையுமாகத் தலைகள்.

"கொஞ்சம் வழி விடு, தம்பி. எந்நேரமும் வாங்கன்னு நீ போட்ட விலாசம் இதுதானேன்னு, உங்கத்தைய தெருமுனையிலயே மறிச்சு டாக்ஸியிலேர்ந்து இறக்கிட்டோம்."