கர்சர் மாமாவுக்கு வந்த விருந்தாளி

நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் கெடுப்பதில் மாட்டுங்காவிலேயே, ஏன், பம்பாய் முழுக்கத் தேடினாலும், கர்சர் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நான் குடியிருந்த கட்டிடத்தில் எதிர் ஃபிளாட்காரர். மாமி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பிள்ளை கனடாவில்.

அங்கிருந்தபடியே அப்பாவின் கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்ய, பிள்ளை ஒரு ரிமோட் சாஃப்ட்வேர் போட்டு வைத்திருந்தான். யாரையும் கேட்காமலே உள்ளே வரலாம். திரையில் கர்சர் தானாக நகர ஆரம்பித்ததும், மாமா "வந்துட்டான்டா!" என்று மாடிப்படி அதிரக் கத்துவார். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். உடனே சட்டை மாட்டி, தலை வாரிக்கொண்டு உட்காருவார். அதில் கேமராவே கிடையாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

சங்கடம் என்னவென்றால், கம்ப்யூட்டர் கெட்டால்தான் பிள்ளை வருவான். போன் செய்தால் எப்போதும் மீட்டிங். ஆகவே மாமா கெடுத்தார். திரையைத் தலைகீழாகத் திருப்பினார். கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரின் பெயரையே அழித்தார். ஒருநாள் மெனு முழுவதையும் அரபிக்கு மாற்றிவிட்டு, என்னைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார். பிள்ளை வந்து சரிசெய்துகொண்டிருக்கும்போது, நோட்பேடைத் திறந்து "சாப்டியா?" என்று அடிப்பார். பதில் வராது. வேலை முடிந்ததும் கர்சர் நின்றுவிடும்.

பிறகு அந்த சாஃப்ட்வேரில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. பழைய வெர்ஷன் வைத்திருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் நுழையலாமாம். நான் ஐ.டி. சப்போர்ட்டில் இருப்பவன், உடனே அப்டேட் செய்யச் சொன்னேன்.

"சும்மா இருடா. அப்டேட் பண்ணினா எல்லாம் ஒழுங்கா ஓடும். அப்புறம் அவன் எதுக்கு வருவான்?"

ஒரு சனிக்கிழமை மாலை மாமா என் கதவைத் தட்டினார். முகமெல்லாம் பல்.

"பிள்ளை வந்திருக்கான். எதையோ நோண்டிண்டே இருக்கான். ஆனா இன்னிக்கு பதில் சொன்னான்டா!"

போய்ப் பார்த்தேன். நோட்பேடில் அவருடைய "சாப்டியா?"வுக்குக் கீழே "யெஸ்" என்று இருந்தது. கர்சர் அவருடைய ஆதார் நகலைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த ஃபோல்டருக்குப் போனது. பிள்ளைக்குப் போன் போட்டேன். "கார் ஓட்டிண்டிருக்கேனே! நான் உள்ள வரவே இல்லையே" என்றான். பாய்ந்துபோய் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"அரே, என்னடா பண்றே? பேசிண்டிருக்கும்போதே..."

"மாமா, அது உங்க பிள்ளை இல்லை. எவனோ திருடன்!"

"திருடனா இருந்தா பதில் சொல்வானா? யெஸ்னான்டா. என் பிள்ளை அதைக்கூடச் சொன்னதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

கம்ப்யூட்டரில் இருந்ததை முழுக்கத் துடைத்து, அந்த சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் போட்டேன். என் லேப்டாப்பில் அவருடைய பாஸ்வேர்டுகள் அத்தனையையும் மாற்றினோம். இனி பட்டியலில் பெயர் இருப்பவர்களால்தான் தட்டவே முடியும், அப்போதும் "அனுமதிக்கலாமா?" என்று திரை கேட்கும். மாமா "சரி" அழுத்தினால்தான் கதவு திறக்கும். பிள்ளையின் பெயரைப் போட்டேன்.

"ஒத்தப் பேர்தானா? கூட யாரையாவது போடேன்" என்றார்.

என் பெயரையும் போட்டேன்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறது. பிள்ளை வருவதில்லை.

நான் பம்பாய்க்கு வெளியே, நெருளுக்குக் குடிமாறி, தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிருந்து தட்டுவேன். கேள்வி திரையில் முழுசாக வருவதற்குள் "சரி" அழுத்திவிடுவார். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கர்சரைக் கொஞ்சம் ஆட்டிக்காட்டுவேன். "சாப்டியா?" என்று வரும். என்னை அப்படிக் கேட்க நெருளில் யாரும் இல்லை. அதனால் வெறும் யெஸ்ஸோடு விடமாட்டேன். ரசத்தில் உப்பு தூக்கலாகிப்போனது வரை அடிப்பேன்.

அந்தப் பக்கம் அவர் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் தலை வாரிக்கொண்டுதான் உட்காருகிறேன்.