ரகசியம் சாரின் பில்கள் என் போனில்

போன் நம்பர் சொல்லாமல் துவரம்பருப்பு வாங்கத் துணிந்த கடைசி மனிதர் எங்கள் ரகசியம் சார்தான். செம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். ரிட்டையர்டு. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் "ஆபீஸ்ல" என்பார்.

வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கூரியர் வந்தால் முகவரிச் சீட்டைப் பிய்த்து, பக்கெட்டில் ஊறவைத்து, கரைத்துக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றுவார். அவருடைய முழுப்பெயர் அந்தச் செடிக்கு மட்டும்தான் தெரியும்.

சூப்பர் மார்க்கெட்டில் அவருக்குப் பின்னால் நிற்பவன் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

"நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்கும்மா?"

"பில்லு போன்ல வரும் சார்."

"பருப்பு கைல வருதுல்ல, அது போதும்."

நான் நேர் எதிர். பிளாஸ்டிக் டப்பா இலவசம் என்றால் நம்பரோடு பிறந்த தேதி, ரத்த குரூப் வரை கடை முழுக்கக் கேட்கும்படி ஒப்பிப்பவன். அந்தக் குரல்தான் என்னைக் கெடுத்தது.

நம்பர் போடாமல் கம்ப்யூட்டர் பில்லே போடாது என்ற நிலை வந்ததும் சார் பணிந்தார். நான் பின்னால் நிற்பது தெரியாமல், ஒரு நம்பரை மந்திரம் போலச் சொன்னார். என் சட்டைப்பையில் போன் துடித்தது; நான் கடை முழுக்கக் கூவிய அதே நம்பர். கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் அவர் வாங்குவதற்கெல்லாம் கடை தரும் பாயின்ட்ஸ் எனக்கு. கேட்கவில்லை.

அதன்பின் அவர் எங்கே எது வாங்கினாலும் பில் எனக்கு. பம்மலில் வாங்கிய, ஜிப் வைத்த நைட்டிக்கு நான் சொன்ன விளக்கத்தை என் மனைவி இன்னும் ஏற்கவில்லை. பிறகு மருந்துக்கடை பில்: பெரியவர்களுக்கான டயப்பர். வாராவாரம்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏங்க, எங்கிட்ட சொல்லக் கூடாதா? டாக்டரப் பாக்கலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாரின் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பதாக நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா எங்கும் போகவில்லை. கீழே, சாத்தியே கிடக்கும் அந்த ஜன்னலுக்குப் பின்னால் படுக்கையில் இருக்கிறார். குப்பை கொட்ட வரும்போதுகூட மடிப்புக் கலையாத புடவையோடு நிமிர்ந்து நிற்பவர். யாரும் என்னை இப்படிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார். சார் காவல் நின்றார். வாங்கிய பொருளெல்லாம் வரிவரியாக பில்லில் வரும் என்பது, போனில் பில்லே பார்க்காத மனிதருக்கு எப்படித் தெரியும்?

"ஆமாம்மா, கொஞ்ச நாளா இப்படித்தான்" என்றேன் மனைவியிடம்.

அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாளாம். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் என் நாற்காலியை பாத்ரூம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் அண்ணன் தோளைத் தட்டி, "இதுக்குப் போயி இன்னா சார், எங்க மாமாவுக்குங்கூட கீது" என்றார். ரகசியம் சார் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ராத்திரிக்குப் பெரிய சைஸ் வாங்குங்க சார். யாரோ சொன்னாங்க."

ஒரு வாரம் பில்லில் டயப்பர் இல்லை. அரிசி பாதியாகியிருந்தது. மொட்டைத் தலையோடு சார் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போயிட்டு வரேன். வேண்டுதல்."

மேடம் எப்படி இருக்காங்க என்று யாரோ கேட்டார்கள். மகள் வீட்டில் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். எனக்கே தெரியக் கூடாத சாவுக்கு நான் எப்படித் துக்கம் விசாரிப்பது? ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை வந்துகொண்டிருந்த சக்கர நாற்காலி விளம்பரம் நின்று, ஒரு ஆளுக்கான குட்டிக் குக்கர் விளம்பரம் என் போனுக்கு வர ஆரம்பித்தது.

நம்பரை மாற்றுங்கள் என்கிறாள் மனைவி. மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அரிசி, ரசப்பொடி, ஊதுபத்தி என்று அவர் பில் வந்தால்தான் எனக்குக் காபி இறங்குகிறது. என்றைக்காவது வராவிட்டால், கீழே போய் அந்தக் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டுமே.