ராஜகிரியின் அனல்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஐஸ் ஒழுக ஆரம்பித்துவிட்டது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரைக்கும், கம்பளியில் சுற்றிய ஐந்து கிலோ ஐஸைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார் சயின்ஸ் வாத்தியார் இளையபெருமாள். வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பாதி வழியிலேயே எழுந்து நின்றுகொண்டார்.

விஷயம் இதுதான். காலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும் ஸ்கூல் இன்ஸ்பெக்டர், பன்னிரண்டு மணிக்கு இவர் வகுப்புக்கு வருகிறார். உருகுகிற ஐஸுக்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் தெர்மாமீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையாது என்று செய்துகாட்ட வேண்டும். அவர் மெச்சினால் மூன்று வருஷத்துத் தற்காலிக வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் நீலாவதி. அவள் அப்பா, ஜவுளிக்கடை சிங்காரவேலு, கறாராகச் சொல்லியிருந்தார்: "டெம்ப்ரவரி வாத்தியாருக்குக் குடுக்க, எம்பொண்ணு இன்னா டெம்ப்ரவரி பொண்ணா?"

ஐஸும் இளையபெருமாளும் ஒரு ஜாதிதான். உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும், வெளியே ஒரு டிகிரி காட்டாது.

ஐஸைச் சோதனைச்சாலை மேஜையில் வைத்து, பியூன் கோவிந்தசாமியைக் காவலுக்கு நிறுத்தினார். "நான் மரத்தூள் வாங்கிட்டு வந்துடுறேன். கம்பளிமேல கை வைக்காதே."

"கண்ணு மாதிரி பாத்துக்கறேன், நீ போ சார்."

மரத்தூள் வாங்கப் போனவர் ஜவுளிக்கடை வழியாகத்தான் போனார். மாடியில் ஒரு பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி கால் மணி நேரம் நின்றார். பாவம், மனுஷன்!

திரும்பி வந்தால் கம்பளி தரையில் கிடக்கிறது. கோவிந்தசாமி பனைவிசிறியால் ஐஸுக்கு விசிறிக்கொண்டிருக்கிறான். கட்டியில் கால்வாசியைக் காணோம்.

"அடப்பாவி! இன்னாய்யா பண்ற?"

"கம்பளிக்குள்ள வெந்துபூடும்னுதான் சார் எடுத்தேன். எனக்கே புழுங்குது, அதுக்குப் புழுங்காதா?"

"கம்பளி சூடு குடுக்காதுய்யா, வெளிச்சூட்டைத் தடுக்கும். நீ விசிற விசிற அனல் காத்துதான் அதுமேல படுது!"

"நான் மூணாங்கிளாஸ் சார். எனக்கு இன்னா தெரியும்?" என்று பரிதாபமாகத் தலையைச் சொறிந்தான் கோவிந்தசாமி.

ஐஸை மரத்தூளில் புதைத்துவிட்டு, மேலே போர்த்தச் சாக்கு வாங்க ஓடினார். திரும்பி வந்தபோது பாதிதான் இருந்தது.

தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஒரு கிராம் உருக எண்பது கலோரி. இரண்டரைக் கிலோவுக்கு இரண்டு லட்சம் கலோரி! ஒரு மணி நேரத்தில், மரத்தூளையும் தாண்டி, இத்தனை வெப்பம் எங்கேயிருந்து வந்தது?

ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை நின்றது. பார்க்கப் பார்க்க அவர் கண் சொருகியது. விடிந்ததிலிருந்து வெயில் குடித்த பாறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கோடிகோடி அணுக்கள் துடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் துடிப்பெல்லாம் கதிராகக் கிளம்பி, ஏரியைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, இந்த ஜன்னல் வழியே மெல்ல மெல்ல இறங்கி வருவது அவருக்குக் கண்ணுக்கே தெரிந்தது. எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு! நாளைக்குப் பாடப்புத்தகத்தில் 'செஞ்சி விளைவு' என்று போடுவார்கள். நீலாவதி அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பாள்.

"கோவிந்தசாமி! மலைதான்யா உருக்குது!"

"நானும் அதான் நெனச்சேன் சார்" என்றான் அவன் உடனே.

மலையை மறைக்கத் தென்னங்கீற்றுத் தட்டி தேடி ஊரெல்லாம் அலைந்து, வேர்க்க விறுவிறுக்கச் சுமந்துகொண்டு வந்தார். மரத்தூளைக் கிளறினால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துண்டு. கிண்ணத்தில் போட்டார். இன்ஸ்பெக்டர் உள்ளே வருவதற்குள் அதுவும் தண்ணீராகிவிட்டது.

"ஐஸ் சோதனைன்னு எழுதியிருக்கீரே, ஐஸ் எங்கே?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் இளையபெருமாள். ஆனால் வாயைத் திறந்ததும் மலை பேச ஆரம்பித்துவிட்டது. பாறையின் அக ஆற்றல், வெப்பக் கதிர்வீச்சு, இரண்டு லட்சம் கலோரி என்று தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி கால் மணி நேரம் பொழிந்தார். பையன்கள் வாயைப் பிளந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னலருகே போய் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருபது வருஷமா ஸ்கூல் ஸ்கூலா சுத்துறேன்" என்றார் கடைசியில். "புத்தகத்தை விட்டுக் கண்ணால பாத்து, கணக்குப் போட்டுச் சொன்ன முதல் வாத்தியார் நீர்தான்." பேனா மூடியைத் திறந்தார். 'நிரந்தரம் செய்யலாம்' என்று எழுதத் தொடங்கினார்.

இளையபெருமாளின் கண் கலங்கிவிட்டது.

அப்போது இன்ஸ்பெக்டரின் ஜீப் டிரைவர் வாசலில் தலையை நீட்டினார்.

"சார், ஹெட்மாஸ்டர் ரூம்ல அய்யாவுக்குக் காலையிலேருந்து நாலு வாட்டி சர்பத் குடுத்தாங்களே, அதுக்கு ஐஸ் இங்கேருந்துதான் ஒடச்சாந்தேன்னு கோவிந்தசாமி சொன்னாரு... எனக்கும் ஒரு துண்டு கெடைக்குமா?"