லேப் மேடம் சொன்னால் சரி

“வண்டியைத் திருப்புங்கண்ணா! மேடம் வேணாம்னுட்டாங்க” என்றார் வாட்ச்மேன் தீர்த்தகிரி.

மாதப்பன் தோளில் கிடந்த துண்டை உதறினார். விடியற்காலையில் பர்கூர் பக்கத்துத் தோப்பில் பறித்து, கிருஷ்ணகிரி மாங்கூழ் கம்பெனி வாசலில் வெயிலில் காய்ந்து, கடைசியில் இந்தப் பதிலா? விவசாயி அந்த கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு கூடைப் பழம் மட்டும் உள்ளே லேபுக்குப் போகும். தீர்ப்பு தீர்த்தகிரி வாய்வழியாக வெளியே வரும்.

“யாருய்யா அந்த மேடம்?”

“புதுசா வந்திருக்காங்க. காய் முத்தலையாம்.”

ஊரில் முதல் ஆளாக விற்றுவிட வேண்டும் என்ற அவசரத்தில் பிஞ்சைப் பறித்தது மாதப்பனுக்குத் தெரியும். அது உள்ளே உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கும் தெரிந்துவிட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மச்சான் குருமூர்த்தி வழி சொன்னார். “கார்பைடு கல்லு வெச்சுடுங்க மாமா. ஒரே ராத்திரியில தகதகன்னு பழுத்துடும்.”

தகதகவென்றுதான் பழுத்தது, தோல் மட்டும். அந்த லோடும் திரும்பி வந்தது.

“கல்லு வெச்ச பழமாம். இன்னொரு வாட்டி வெச்சா உங்க தோப்புப் பழமே எடுக்க மாட்டோம்னு மேடம் சொல்லச் சொன்னாங்க.”

“கல்லு வெச்சா என்ன? கழுவிட்டாப் போச்சு!” என்று மாதப்பன் அடுத்த லோடை பம்ப்செட் தொட்டியில் கொட்டினார். கழுவுவதைத் திருத்தமாகக் கழுவுவோம் என்று சோப்புத்தூளும் போட்டார்.

இந்தத் தடவை கூடை போன வேகத்தில் வெளியே வந்தது. தீர்த்தகிரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மாம்பழத்துல துணி தொவைக்கற வாசம் வருதாம்ணா” என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மாதப்பன் பொரிந்து தள்ளினார். பக்கத்து இலையில் குருமூர்த்தி.

“அது பொம்பளையா, பிசாசா! ஆனா ஒண்ணு, வேலைன்னா அதுதான் வேலை. உக்காந்த எடத்துல இருந்தே வண்டி வண்டியா திருப்பறாங்களே! கூழ் கம்பெனின்னா பொம்பளைங்க கொட்டை எடுக்கத்தான் போவாங்கன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தேன். ஏம்மா, நீயும்தான் படிச்சே, மைக்ரோபயாலஜி!”

மகள் பிரவீனா அமைதியாக ரசம் ஊற்றிக்கொண்டாள். எம்.எஸ்ஸி. முடித்தவள். அப்பாவின் கட்டாயத்தால் தினமும் கிருஷ்ணகிரிக்கு பேங்க் கோச்சிங் போய்வருகிறவள்.

“அந்த மேடம் என்னப்பா படிச்சிருப்பாங்க?”

“இஞ்சினியரிங்தான். வேற என்ன?”

குருமூர்த்திக்கு இது போதாதா? “ஓசூர்ல இத்தனை கம்பெனி இருக்கு, பூச்சி படிச்ச புள்ளைய எவன் மாமா கூப்புடறான்? சயின்ஸ்ல ஏது வேலை? பேசாம எம் பையன் சுரேந்தருக்குக் கட்டி வெச்சிடுங்க. இஞ்சினியர் பையன்.”

இஞ்சினியர் பையன் இரண்டு வருஷமாக வேலை தேடுகிறான் என்பதை அங்கே யாரும் கிளறவில்லை.

பிரவீனா நிமிர்ந்தாள். “அந்த மேடத்தையே கேட்டுடலாம்ப்பா. சயின்ஸ் படிச்சா வேலை இல்லைன்னு அவங்க வாயால சொல்லட்டும், மாமா சொன்ன மாதிரியே கழுத்தை நீட்டறேன். இருக்குன்னு சொன்னா, எனக்குப் புடிச்ச வேலைக்கு விடணும். கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது.”

“அப்படிப் போடு! மேடம் சொன்னா சரி. மச்சான், நீதான் சாட்சி!”

சமையலறை வாசலில் நின்ற மனைவி சரோஜம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“என்னடி?”

“பொரை ஏறிடுச்சுங்க.”

“ஆனா இந்த லட்சணத்துல அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?”

“மரத்துலயே முத்த விடுங்கப்பா. அப்புறம் வைக்கோல்ல பழுக்க வைங்க, கல்லு வேணாம், குளிப்பாட்டவும் வேணாம்” என்றாள் பிரவீனா.

மாதப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். லோடு போனது. மத்தியானம் டிரைவர் போன் செய்தான்: “உள்ள எடுத்துட்டாங்கண்ணா! இந்த சீசனுக்கு இதுதான் நம்பர் ஒன் பழம்னு மேடம் சொன்னாங்களாம்!”

அடடா, மாதப்பனைப் பிடிக்க முடியுமா? டீக்கடை, பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் சொல்லித் தீர்த்தார். “சும்மா இல்லப்பா, லேப் மேடமே பாஸ் பண்ண பழம்!”

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டு, மேடத்துக்கு ஒரு கூடை செந்தூரா மாம்பழம் எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் கம்பீரமாக இறங்கினார். பின்னால் சாட்சி குருமூர்த்தி. அவருக்கும் பின்னால், டிபன் பையோடு பிரவீனா.

“தீர்த்தகிரி, மேடத்தைக் கொஞ்சம் கூப்புடு. சயின்ஸ் படிச்சா வேலை உண்டா இல்லையான்னு எம் பொண்ணுகிட்ட அவங்க ஒரு வார்த்தை சொல்லணும். அவங்க சொன்னா எங்க குடும்பமே கட்டுப்படும்!”

தீர்த்தகிரி அவசரமாக எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, மாதப்பனைத் தாண்டிப் பின்னால் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“என்னங்கண்ணா இது, மேடத்தைக் கையோட கூட்டிட்டு வந்துட்டு மேடத்தைக் கூப்புடுங்கறீங்க, நா எங்க போய்க் கூப்புடறது?”