பாலத்துக்கு எந்தப் பக்கம்?

“டிரான்ஸ்பான்டைன் கிளை இந்த மாதத்தோடு மூடப்படும். அதன் நூலகர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.”

நூலக இயக்குநர் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிய குரல் செய்தி அவ்வளவுதான். மனிதர் நேராகப் பேசவே மாட்டார். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட நமக்கு அகராதி வேண்டும்.

ஆற்றின் இக்கரைக் கிளை நூலகர் தடித்த அகராதியைப் புரட்டினார். இடத்தைக் குறிக்கும் பழங்காலத்துச் சொல். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘போன்ஸ்’ என்றால் பாலம். ஆக, பாலத்துக்கு அப்பால் உள்ள கிளை. அப்பாடா என்று மூச்சு விட்டவருக்கு மறுகணம் தூக்கிவாரிப் போட்டது. அக்கரைக் கிளையின் நூலகர் அவருடைய மனைவி.

ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். நடுப்பாலத்தில் எதிரே மனைவி கண் கலங்க வந்துகொண்டிருந்தாள்.

“மனசை விட்டுடாதீங்க. என் சம்பளத்துல சமாளிச்சுக்கலாம்.”

அவளும் அகராதி பார்த்திருந்தாள். அவள் மேஜையிலிருந்து பார்த்தால், அப்பால் இருப்பது இவருடைய கிளை.

சொன்னவர் எங்கே இருந்து சொன்னார் என்பதுதானே கணக்கு? இயக்குநரின் அலுவலகம் இக்கரையில். அப்படியானால் போவது மனைவியின் வேலை. கணவருக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. அங்கேயே இயக்குநருக்குப் போன் போட்டு, எங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் கிளை மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினார். அவரும் சரியென்று வைத்துவிட்டார்.

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இன்னிக்கு அவர் லீவுங்க. அக்கரையில அவர் வீட்டுல இருந்துதான் பேசியிருக்கார். சிவனேன்னு இருந்த என்னைத் தூக்கி, மூடப்போற இந்தப் பக்கம் போட்டுட்டீங்களே.”

கணவர் மறுபடி போன் போட்டு, பழையபடியே இருக்கட்டும் என்றார். மனைவி போனைப் பிடுங்கி, வேண்டாம் சார், போனால் நானே போகிறேன் என்றாள். இவர் திரும்பப் பிடுங்கினார். நீயா நானா என்று இருவரும் கத்தியதில் இயக்குநர் எப்போது போனை வைத்தார் என்றே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இயக்குநரின் கார் பாலத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார்.

“காலையில ஐயா மூடச் சொன்னது ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஈ காக்கா வராத மூணாவது கிளையைத்தான், இப்ப அது மட்டும் இருந்தாப் போதும்னுட்டாரு, ரெண்டு பேரும் சாவியைக் குடுத்துடுங்க.”