கரண்டில் உள்ள அழுக்கு

நான் பாட்டைக் காதால் கேட்பவன் அல்ல, விலையால் கேட்பவன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வருஷம் பிடித்திருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. விடிந்தால் தெருவே அதிரும். பிறந்ததிலிருந்து கேட்பதால் அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே இல்லை. (விருந்தாளிகள் ஏன் கத்திப் பேசுகிறார்கள் என்று யோசித்திருக்கிறோம்.)

என்னிடம் ஒரு ஜப்பான் டேப் ரிக்கார்டர் இருந்தது. சேலத்துக் கடைக்காரர் ஒருவர் அதற்கென்று ஒரு ஒயரை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் தடிமன், முனையில் தங்க முலாம்!

"கரண்டுல அழுக்கு இருக்குதுங்க. சாதா ஒயர்ல அதுவும் சேந்து வந்துரும். இது வடிகட்டித்தான் உடும்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை நாளும் அழுக்குப் பாட்டையா கேட்டுக்கொண்டிருந்தேன்! மறுநாளே சைக்கிளை விற்று ஒயரை வாங்கி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

அடுத்த வாரம் குமாரபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அத்தையும். பெண்ணின் போட்டோவை ஏற்கெனவே பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று முடிவே செய்திருந்தேன்.

"பேச்சைக் கொறச்சுக்க சாமி. கேட்டா மட்டும் சொல்லு" என்றார் அம்மா.

யாரும் கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன். முதலில் பழைய ஒயரில் ஒரு பாட்டு. பிறகு புது ஒயரை மாட்டி அதே பாட்டு. சரணம் வந்தது. அப்போதுதான் அது நடந்தது! அடியில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று மறைந்தது. வயலின் பளிச்சென்று கேட்டது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் துள்ளி எழுந்துவிட்டேன்.

"கேட்டீங்களா! அழுக்கு பூராம் போயிருச்சு பாருங்க! எல்லாம் இந்த ஒயரு பண்ற வேலைங்க!"

"ஆமாங்க, நல்லாவே வித்தியாசம் தெரியுதுங்க" என்றார் அத்தை. அம்மாவும் தலையாட்டினார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பெண்ணின் அப்பா எட்டுத் தறிக்குச் சொந்தக்காரர். மெதுவாக எழுந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, ஒயரை அழகாகச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

பாட்டு பாடிக்கொண்டே இருந்தது.

"கரண்டு போயிருச்சுங்க தம்பி. தெருவுல ஒரு தறிகூட ஓடுல. உங்க பொட்டி பேட்டரி செல்லுல பாடுது" என்றார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, "தகவல் சொல்லி உடறோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. போட்டோவைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. (சைக்கிளும் இல்லாததால் எங்கும் ஓடிப்போகவும் வழியில்லை.)

ஐந்தாம் நாள் சம்மதம் என்று சேதி வந்தது! என்னால் நம்பவே முடியவில்லை.

கல்யாணம் முடிந்து மறு விருந்துக்குப் போனபோது மாமாவிடம் காரணம் கேட்டேன். இலையில் என் மனைவி எனக்காக முதன்முதலாகச் செய்த சாம்பாரை ஊற்றியிருந்தார்கள். ஒரு வாய் வைத்தேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. மரியாதைக்கு, "பிரமாதமுங்க" என்றேன்.

மாமா என் தோளைத் தட்டினார்.

"இதுக்குத்தானுங்க. எம்புள்ள சமையலுக்கு, இல்லாததையும் இருக்குதுன்னு நம்பற ஆளா ரெண்டு வருசமாத் தேடிட்டு இருந்தனுங்க."

அந்த ஒயர் இப்போது எங்கள் கிரைண்டரில் இருக்கிறது. என் மனைவியும் எப்போதோ நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனாலும் நான் "சாம்பார் பிரமாதம்" என்று சொன்னால், என் மகன் எழுந்துபோய், கரண்டு இருக்கிறதா என்று ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறான்.